டவர் இறங்கிய திடல்

டெல்லியிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி, திரையில் விரிந்திருந்த தஞ்சாவூர் வரைபடத்தில் தன் லேசர் விளக்கின் சிவப்புப் பொட்டைக் கொண்டுபோய் எங்கள் ஊரின் மேல் வைத்தார். “இங்கே யார் இருக்கிறார்கள்? நெல்லுக்கா டிவி காட்டிக்கொண்டிருக்கிறோம்?” என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மாசச் சம்பளம் வாங்குகிறவன் சிரித்துத்தான் ஆகவேண்டிய இடம் அது.

அந்தக் கூட்டம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கூரையில் கம்பி ஆன்டெனா மாட்டிப் பார்க்கும் பழைய அனலாக் ஒளிபரப்பை நாடு முழுவதும் நிறுத்திவிட்டு, டிஜிட்டலுக்கு மாறுவது என்று முடிவாகியிருந்தது. எந்த டவரை வைத்துக்கொள்வது, எதை மூடுவது, மூடினால் எந்த ஊர் இருட்டாகும் என்று திட்டம் போடுகிற குழுவில் நான் ஒரு பொறியாளன். டெல்டா என் தலையில் விழுந்தது. திறமையைப் பார்த்து ஒன்றும் கொடுக்கவில்லை. “உங்களுக்கு அந்தப் பக்கம்தானே, வழி தெரியும்” என்று சொல்லிக் கொடுத்தார்கள். பழைய முறையில் ஊருக்கு ஊர் குட்டி டவர் தேவைப்பட்டது. டிஜிட்டலில் உயரமான ஒரே டவர் சுற்றுவட்டாரம் முழுவதையும் பார்த்துக்கொள்ளும். ஆக, குட்டி டவர்களுக்குச் சாவு. எங்கள் ஊரில் நின்றது அப்படி ஒரு குட்டி டவர்.

அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் படம் புள்ளி புள்ளியாகும், குரல் கரகரக்கும். ஆனாலும் ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கும். டிஜிட்டலில் அந்த ஈவிரக்கமெல்லாம் கிடையாது. ஓர் அளவுக்கு மேல் சிக்னல் இருந்தால் பளிச்சென்று படம், கொஞ்சம் குறைந்தால் வெறும் கறுப்பு. அந்த அளவு எந்த ஊரோடு முடிகிறது என்று கண்டுபிடித்துக் கோடு போடுவதுதான் என் வேலை. கோட்டுக்கு வெளியே விழுகிற அதிராம்பட்டினம் பக்கத்துக் கரையோர ஊர்களைப் பற்றிக் கேட்டால், “அவர்கள் டிஷ் வாங்கிக்கொள்வார்கள்” என்றார்கள். டிஜிட்டல் சிக்னலைப் பிடிக்கிற பெட்டி கும்பகோணம் கடைத்தெருவில் ஒன்றுகூட விற்கவில்லையே, நாம் யாருக்காக இதை அனுப்பப்போகிறோம் என்று ஒருமுறை வாயைத் திறந்து கேட்டும்விட்டேன். “அது அடுத்த கட்டம்” என்றார் பெரிய அதிகாரி. நல்லா இருங்கய்யா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கோட்டைப் போட்டேன்.

எங்கள் ஊர் டவர் நின்ற இடத்தைப் பற்றிச் சொன்னால்தான் என் எரிச்சல் புரியும். பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் பக்கம் எல்லாம் தட்டை நிலம். ஐப்பசி மழையில் வடிகால் எதிர்த்துக்கொண்டால் தண்ணீர் போக வழியில்லாமல் வயலும் தெருவும் ஒன்றாகிவிடும். அப்போதும் முழுகாத ஒரே இடம் திடல். வயல்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேடாக நிற்கும் நிலம். அதற்கு வடக்கே பெரிய வீடு, தெற்கே எங்கள் தெரு. பெரிய வீட்டு வயல்களில் உழைத்தவர்களின் தெரு எங்களுடையது. ஊரிலேயே பள்ளமான இடத்தைப் பார்த்து எங்களுக்கு விட்டிருந்தார்கள். என் அம்மா செத்தது ஒரு கார்த்திகை வெள்ளத்தில். பெஞ்சுக் கால்களின் கீழே செங்கல் அடுக்கி அவளைக் கிடத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று அழுதோம். மாரடித்துக்கொண்டு உட்காரக்கூட இடமில்லை.

அதற்கும் முன்னால், நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், அப்பா தெரு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய வீட்டுப் பெரியவரிடம் திடலை வீட்டுமனையாகக் கேட்டிருக்கிறார். திடல் அவர்களுடைய பட்டா நிலம்தான். ஆனால் அதில் ஒன்றும் விளைவதில்லை, சும்மா கிடந்தது. “மாடியில நின்னா உங்க அடுப்புப் பொகையத்தான் நான் பாக்கணுமா?” என்று கேட்டாராம் பெரியவர். அதோடு விட்டாரா? டிவி டவருக்கு இடம் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததும் தாமே போய்த் திடலை அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். எங்களுக்குப் போய்விடக்கூடாது, அவ்வளவுதான். அதற்கு வள்ளல் என்று மாலை வேறு போட்டார்கள். டவர் கட்டக் கல்லும் மணலும் சுமந்தது எங்கள் தெரு. அப்பாவும் சுமந்தார். பேசாமல் சுமந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. டவரின் காலடியில் குடியிருந்த எங்களுக்குத்தான் படம் சரியாகத் தெரியாது. மேலே மாட்டிய ஆன்டெனா தூரத்தைப் பார்த்து வீசும், நேர் கீழே விழாது. திருக்கருகாவூரில் கண்ணாடி மாதிரி தெரிந்த நிகழ்ச்சி எங்கள் தெருவில் வரும்போது, ஒவ்வொரு முகத்தோடும் நிழல் முகம் ஒன்று ஒட்டிக்கொண்டு ஆடும். பெரியவர் ஏதோ பூட்டைப் போட்டு வைத்திருக்கிறார் என்று தெருவே நம்பியது. இல்லை, ஆன்டெனாவின் குணமே அப்படித்தான் என்று பொறியியல் படித்து முடித்தபின் அப்பாவுக்கு விளக்கினேன். “நீ படிச்சதும் அவங்க பக்கமே பேசு” என்று எழுந்து போய்விட்டார்.

அப்பாவுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். தண்ணீர் ஏறாத மண்ணில் ஒரு வீடு வேண்டும். அரசாங்கம் பிறகு காங்கிரீட் வீடு கட்டிக்கொடுத்தது, அதே பள்ளத்தில். கூரை ஒழுகுவது நின்றது, தரையில் தண்ணீர் நிற்பது நிற்கவில்லை. சென்னைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். மூன்றாவது மாடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “காலு மண்ணுல படாம என்னடா வீடு இது? கூண்டுல அடைச்ச மாதிரி” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். ஊரில் என் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தார். அண்ணன் பெரிய வீட்டு வயலைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் பார்த்தான். பெரியவர் காலமாகி, அந்த வீட்டில் எல்லோரும் வேலை, படிப்பு என்று ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு, வயலைப் பார்த்துக்கொள்ள எங்கள் தெருதான் மிச்சம்.

டவரை எடுக்கப்போகிறார்கள் என்ற சேதி எப்படியோ அப்பாவுக்குப் போய்விட்டது. போன் செய்தார்.

“தம்பி, டவரு போவுதாமே?”

“இன்னும் முடிவாகலப்பா. திட்டம் போடுறோம்.”

“யாரு போடுறா?”

“நான்தான்.”

“அட, நீதானா!” என்றார். சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பா சிரித்துக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! “அப்ப திடலு யாருக்குடா போவும்?” என்று கேட்டார். வேண்டாமென்றால் எங்கள் துறை நிலத்தை வருவாய்த் துறையிடம் திருப்பிக் கொடுத்துவிடும், புறம்போக்காகிவிட்டால் வீட்டுமனைப் பட்டா கேட்டு மனுக் கொடுக்கலாம் என்று சொன்னேன். அன்று மாலையே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எந்த மூலையில் வாசல் வைப்பது என்பதுவரை பேசி முடித்துவிட்டார்கள் என்று அண்ணி போனில் சொல்லிச் சிரித்தாள்.

திட்டம் என்றால் மேசையில் உட்கார்ந்து போடுவது மட்டும் இல்லை. ஊர் ஊராக வேனில் போய், நீளும் கம்பத்தை உயர்த்தி, தஞ்சாவூர்ப் பெரிய டவரின் சிக்னல் எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். எங்கள் ஊரிலும் வேனை நிறுத்தினேன். பெரியவரின் மகன் அன்று ஊரில் இருந்தார். சென்னையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் காரியத்துக்காக வந்திருந்தார். வேனைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பினார். போனேன்.

“வாப்பா, வா. நம்ம தெக்குத் தெருப் பையன்தானே? பெரிய ஆளாயிட்டே, ரொம்ப சந்தோஷம்” என்றார். நாற்காலி போட்டார், குறை சொல்லமாட்டேன். காப்பி வந்தது. அவருக்கும், என்னோடு வந்த வடக்கத்தி உதவியாளருக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்குப் பேப்பர் கப். “இப்பல்லாம் இதுதாம்ப்பா சுத்தம்” என்று அவராகவே சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார். “டவர எடுத்துடப் போறதா பேச்சு அடிபடுதே. எங்கப்பா தேசத்துக்குக் குடுத்த இடம். டவர் நிக்கிறதுதான் மரியாதை. டிஜிட்டல்தான் போடுங்களேன், அதே டவர்ல போட முடியாதா?”

முடியும். அதுதான் சங்கடம். மேடான இடம், நடு டெல்டா, மின்சாரம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது. சின்ன டிஜிட்டல் நிலையம் ஒன்று வைக்கலாம் என்று திட்டத்தில் ஒரு வரி எழுதினால் போதும், திடல் இன்னும் ஒரு தலைமுறைக்கு யாருக்கும் இல்லை. “கணக்கு என்ன சொல்லுதோ அதைத்தான் சார் எழுதணும்” என்றேன். “கணக்கு நீ போடுறதுதானேப்பா” என்று சிரித்தார். அந்தக் காப்பியை ஒரு வாய்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

கணக்கு என் பக்கம் நின்றது. தஞ்சாவூர் டவரின் சிக்னல் எங்கள் ஊரைத் தாண்டியும் தாராளமாக வந்தது. குட்டி டவர் தேவையில்லை, மூடலாம் என்று எழுதினேன். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. மாற்ற வேண்டியிருந்தால் மாற்றியிருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, “சொந்த ஊரையே வெட்டிவிட்டாயே, பேஷ்” என்று தோளில் தட்டினார்.

நிலையத்தை நிறுத்திய அன்று ஊரிலிருந்து எத்தனை புகார் வரும் என்று காத்திருந்தோம். வந்தது ஒரே ஒரு போன். டவர் உச்சியில் எரிந்த சிவப்பு விளக்கு ஏன் எரியவில்லை, இருட்டில் வயலிலிருந்து திரும்பும்போது அதை வைத்துத்தான் வழி பிடிப்போம் என்று ஒருவர் கேட்டார். படம் போனதைப் பற்றி ஒரு மூச்சு இல்லை. நெல்லுக்கா டிவி என்று அந்த டெல்லி அதிகாரி கேட்டது சரிதானோ என்று எனக்கே பட்டது. கசப்பாக இருந்தது.

டவரைப் பகுதி பகுதியாகக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். அப்பா தினமும் போய் வேடிக்கை பார்த்தாராம். திடல் வருவாய்த் துறைக்குப் போனது. கிராம சபைக் கூட்டத்தில் ஊர் என்ன தீர்மானம் போடுகிறதோ அதைப் பார்த்துக்கொண்டு மேலே எழுதுகிறோம் என்று தாலுகா ஆபீசில் சொன்னார்கள். கூட்டத்துக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். அப்பா என் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று, வீட்டுமனை வேண்டும் என்று கேட்டார். உட்கார்ந்தார்.

அடுத்து எழுந்தவன் என் அண்ணன்.

“திடல்ல நெல்லுக் கொள்முதல் நிலையம் வேணும்” என்றான். “போன குறுவையில ரோட்டோரம் கொட்டி வச்ச நெல்லு மழையில முளைச்சுப்போச்சு. எல்லாரும் பாத்தீங்க. மேடா ஒரு எடம் இல்லாம எத்தன வருஷம் இப்படி நாசமாப் போறது? ஊருக்கே இருக்குறது இந்த ஒரு மேடுதான்.”

எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. அப்பா திரும்பி அவனைப் பார்த்தார். “டேய், நான் வீடு கேட்டிருக்கேன்டா” என்றார், ஏதோ அவனுக்குக் காதில் விழவில்லை என்பது போல.

“கேட்டது தெரியும். நீ இன்னும் எத்தன நாளைக்கு இருக்கப்போற? நெல்லு வருஷா வருஷம் வரும்.”

கூட்டத்தில் யாரும் அவனை அதட்டவில்லை. தலைவர் கையைத் தூக்கச் சொன்னார். பெரிய வீட்டுப் பக்கத்து வடக்குத் தெரு தூக்கியது. பேராசிரியர் அதற்கென்றே சென்னையிலிருந்து வந்திருந்தார், “விவசாயிதான் முக்கியம்” என்று சொல்லிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். எங்கள் தெருவில் குத்தகைக்கு உழுகிறவர்கள் எல்லோரும் தூக்கினார்கள். வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்று அப்பாவோடு உட்கார்ந்து பேசியவர்களே தூக்கினார்கள். எங்கள் தெருவில் உழாதவன் இப்போது யார் இருக்கிறான்? அப்பாவும் நானும் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் அந்த ஊர் வாக்காளன்கூட இல்லை.

வெளியே வந்ததும் அண்ணனின் சட்டையைப் பிடித்தேன். “மனுசனாடா நீ?” என்று கேட்டேன்.

“கைய எடு” என்றான். “நீ மெட்ராஸ்ல மாடியில குந்திக்கிட்டு டவர எடுக்கலாம், வைக்கலாம்னு எழுதுவ. முளைச்ச நெல்ல நீ வந்து திம்பியா? அவருக்குத்தான் வீடு இருக்குல்ல. நாலு நாள் தண்ணி நிக்கும், வடியும். நெல்லுல தண்ணி நின்னா வடியுமா?”

பளாரென்று ஒன்று விட்டிருக்க வேண்டும். விடவில்லை, ஏனென்றால் அவன் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடிக்கொண்டு நின்றேன். இன்றுவரை தேடுகிறேன். அவன் சொன்னது அநியாயம் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது.

கொள்முதல் நிலையம் வந்தது. அடுத்த ஐப்பசியில் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். விடாத மழை. பஸ் நிறுத்தத்திலிருந்து தெருவுக்குத் தண்ணீரில் இறங்கித்தான் நடந்தேன். அப்பா வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கட்டிலின் சட்டம்வரை தண்ணீர், பானை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. ஆளைக் காணோம். அண்ணி தன் வீட்டு வாசலில் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே, “திடல் பக்கம் போனாரு, பாருங்க” என்றாள்.

அவ்வளவு மழையிலும் திடலில் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. நெல் மூட்டைகளை அடுக்கி, தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு அடுக்கின் மேல், தார்ப்பாயை விலக்கி உள்ளே நுழைந்து, நனைந்த வேட்டியோடு அப்பா குறுகிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை கேட்டது. நல்ல தூக்கம். எழுப்ப மனம் வராமல் பக்கத்தில் குடையோடு நின்றேன். அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். அன்று அவன் நெல்லை எடை போடுகிற முறை. கையை விட்டுச் சாக்கைத் தொட்டுப் பார்த்தான். முகம் மாறியது.

“யப்பா! எறங்கு கீழ” என்று உலுக்கினான். “இருக்குற ஈரமெல்லாம் மூட்டையில ஏறுது. இன்னும் செத்த நேரத்துல கொள்முதல்காரன் மிஷின வச்சு ஈரப்பதம் பாப்பான். ஒரு புள்ளி கூடுனாலும் தள்ளிட்டுப் போயிடுவான். எறங்குன்னா!”

“டேய், அவர் தூங்கட்டும்டா” என்றேன்.

“உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயித் தூங்க வை” என்றான்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். எங்கே இருக்கிறோம் என்று புரியக் கொஞ்சம் நேரமானது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சண்டை போடுவார், திட்டுவார், கல்லும் மணலும் சுமந்த கதையைச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்று ஆசைப்பட்டேன்.

“இது யாரு மூட்டைடா?” என்று கேட்டார்.

“என்னோடதுதான்.”

“அய்யய்யோ” என்று பதறி இறங்கினார். “உன்னோடதுன்னு தெரியாதுடா சாமி. வேற எவனோடதோன்னுதான் ஏறிப் படுத்துட்டேன்.” தோளில் கிடந்த துண்டை எடுத்து, தான் படுத்திருந்த சாக்கைத் துடைக்க ஆரம்பித்தார். அந்தத் துண்டும் நனைந்திருந்தது. அண்ணன் அதைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டுத் தார்ப்பாயை இழுத்து மூடினான். கயிற்றின் ஒரு முனையை அப்பா பிடித்துக்கொடுத்தார். முடிச்சு இறுகியதும், என் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கித் தண்ணீருக்குள் காலை வைத்தார்.